முப்பத்தேழாவது சாமான்

1996 செப்டம்பரில் ஃபிரெட்ரிக் மாஸ்டருக்கு வந்த கஷ்டம் வேறு யாருக்கும் வரக்கூடாது. அவருக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை.

இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாந்தோமில் பங்குக் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் அவர் முப்பத்து நான்கு வருஷமாக டிரில் மாஸ்டர். அந்த மாதம் முப்பதாம் தேதியோடு ஐம்பத்தெட்டு வயது முடிந்து ஓய்வு. ஆனால் நடு வருஷத்தில் ஓய்வு பெறுகிற வாத்தியாரை மே மாதம் வரை மறுநியமனம் செய்துகொள்ளலாம் என்று சர்க்காரில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒரே நிபந்தனை, ஆள் நல்ல தேகநிலையில் இருக்கிறார் என்று ஒரு சர்டிஃபிகேட். முப்பதாம் தேதிக்குள் அது வராவிட்டால் மாஸ்டர் வீட்டுக்குப் போக வேண்டும், விளையாட்டுப் பீரியடைத் தையல் டீச்சர் பார்த்துக்கொள்வார்.

ஜனவரியில் மாநில கோகோ போட்டி. பள்ளிக்கூடத்தின் பெண்கள் அணி முதல் தடவையாகத் தேர்வாகியிருந்தது. தையல் டீச்சர் நல்லவர்தான். ஆனால், கோகோவில் ஒருத்தி இந்தப் பக்கமும் ஒருத்தி அந்தப் பக்கமுமாக உட்காருவானேன், எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தால் அழகாக இருக்குமே என்று ஏற்கெனவே ஒரு முறை யோசனை சொல்லியிருக்கிறார்.

முன்பெல்லாம் இந்தச் சர்டிஃபிகேட் வாங்குவது சுலபம். பக்கத்துத் தெரு டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார், உள்ளே போடச் சொல்வார், கையெழுத்துப் போடுவார். அந்த வருஷம் கரஸ்பாண்டன்ட் ஃபாதர் ஒரு சுற்றறிக்கை விட்டார். இனிமேல் தேகநிலைச் சர்டிஃபிகேட் எல்லாம் அடையாறு சஞ்சீவி பர்வத் ஸ்கேன் நிலையத்தில்தான் வாங்க வேண்டும். அந்த நிலையத்தார் பள்ளிக்கு ஒரு குடிதண்ணீர் கூலர் அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் மிகவும் சில்லென்று இருந்தது.

அது நம் தேசம் கதவைத் திறந்துவிட்ட காலம். திறந்த கதவு வழியாகக் குளிர்பானம் வந்தது, டெலிவிஷன் சானல்கள் வந்தன, பின்னாலேயே மரப்பெட்டிகளில் மருத்துவ இயந்திரங்கள் வந்தன. அடையாறில் ஒரு பழைய பங்களாவை இடித்துவிட்டு சஞ்சீவி பர்வத் ஐந்து மாடியில் எழும்பியிருந்தது. மாடிக்கு ஒரு நாட்டு இயந்திரம். நோயாளிகள் மட்டும் உள்நாடு.

வரவேற்பில் ஹம்சினி என்ற பெண் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். “என்ன கம்ப்ளெயின்ட் சார்?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“எவ்வளவு நாளா?”

மாஸ்டர் கணக்குப் பார்த்தார். “அம்பத்தெட்டு வருஷமா.”

“க்ரானிக்,” என்று அவள் தட்டினாள். “முதல் மாடி.”

முதல் மாடியில் ஜப்பான் இயந்திரம் முழங்காலைப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை. அங்கே ஒன்றும் அகப்படவில்லை என்றால் நோயாளிக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமல்ல. தேடல் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ஆகவே இரண்டாம் மாடியில் கொரியா இயந்திரம் இருதயத்தைப் பார்த்தது. ஸ்ரீரஞ்சனி என்ற சின்ன வயசு டாக்டர் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார்.

“சாரி மாஸ்டர். ஹார்ட்ல ஒண்ணும் இல்ல.”

“நல்லதுதானே டாக்டர்?”

“மனசை விட்டுடாதீங்க. கிட்னி இருக்கு.”

கிட்னியும் கைவிட்டது. எலும்பு, நுரையீரல், கண், காது என்று நான்கு நாளில் பதினோரு பரிசோதனை. பதினொன்றிலும் சுத்தம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தினம் இருபத்திரண்டு பேர் என்று ஒரு இலக்கு உண்டு. மாலை ஐந்து மணிக்கு எண்ணிக்கை குறைந்தால் இயந்திரத்தின் தலையில் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் அந்த மாடி ஊழியர்களே வரிசையாகப் படுத்து எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். அதனால் அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் ஏதாவது ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதைப் பெயர் அட்டையிலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹம்சினி, வரவேற்பு, லேசான சைனஸ். ஸ்ரீரஞ்சனி, டாக்டர், இரண்டு பித்தக்கல். லிஃப்ட்காரருக்கு மட்டும் இடமில்லாமல் பின்பக்கமும் எழுதியிருந்தது.

வீட்டில் மாஸ்டரின் மனைவி அல்போன்சா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “நாலு நாளா போறீங்க, வர்றீங்க. ஒரு வியாதி வாங்கிட்டு வரத் துப்பில்ல. எங்க அண்ணன் ஒரே நாள் போனாரு, மூணு கொண்டாந்தாரு.”

“எனக்கு வியாதி வேணாம் அல்போன்சா. இல்லைன்னு ஒரு சீட்டுதான் வேணும்.”

“அப்ப அங்க இருக்கறதுலயே பெரிய ஆளைப் போய்ப் பாருங்க. இல்லாததை எழுதித் தர்றது பெரிய மனுஷங்களால மட்டும்தான் முடியும்.”

பெரிய ஆள் சேர்மன் டாக்டர் சந்திரமௌலி. சந்தையியலில் டாக்டர். அன்று தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நகரத்து வைத்தியர்களுக்கு அவர் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார். காலையில் நடந்த கல்யாணத்தின் மணமக்கள் பெயர் அவர் தலைக்கு மேல் தெர்மகோலில் மின்னிக்கொண்டிருந்தது. கீழே துணியில், ‘வளரும் நாடுகளில் மருத்துவக் கருவிச் சந்தை: தடைகளும் தீர்வுகளும்’ என்று எழுதியிருந்தது. மாஸ்டர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

“நம்ம தேசத்துக்கு என்ன குறை?” என்றார் சந்திரமௌலி. “இயந்திரம் இருக்கு. கடன் கொடுக்க பாங்க் இருக்கு. வரி விலக்கு இருக்கு. அனுமார் மலையையே தூக்கிண்டு வந்தப்போ அவர்கிட்ட யாராவது வரி கேட்டாளா? அந்தப் பெருந்தன்மையை நம்ம சர்க்காரும் காட்டறது. அப்படியும் சந்தை ஏன் இன்னும் வேகமா வளரலை? ஒரே தடை. ஒண்ணுமில்லைன்னு சொல்லிண்டு ஆத்துல உட்கார்ந்திருக்கானே, அவன்தான். கோடிக்கணக்குல இருக்கான். கார்த்தால எழுந்திருக்கறான், இட்லி சாப்பிடறான், ஜீரணமும் ஆயிடறது. தேச வளர்ச்சியைப் பத்தி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை! நிலக்கரி, இரும்பு மாதிரி இவனும் நம்ம இயற்கை வளம். இன்னும் யாரும் தோண்டலை, அவ்வளவுதான்.”

பலத்த கைதட்டல். மாஸ்டரும் தட்டினார். தன்னைத்தான் சொல்கிறார் என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் சேர்மனைப் பிடித்தார். சேர்மன் விஷயத்தைக் கேட்டுவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார்.

“மாஸ்டர், ஒண்ணுமில்லைன்னு உங்களுக்கு ஒரு கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஊரே வந்து அதையே கேக்கும்.”

“கேட்டா நல்லதுதானே சார்?”

“எதுக்கு?” என்றார் சந்திரமௌலி. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “சரி, அஞ்சாவது மாடிக்குப் போங்கோ. ஜெர்மன் எம்.ஆர்.ஐ., பெரிய காந்தம். அது கைவிடாது.”

“அதுலயும் ஒண்ணும் இல்லேன்னா?”

“அப்படி ஒரு துர்ச்சம்பவம் இதுவரைக்கும் நடந்ததில்லை.”

இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை மாஸ்டர் ஐந்தாம் மாடிக்குப் போனார். துணைக்கு அல்போன்சாவும் வந்தாள். காந்தம் ஒரு பெரிய உரலைப் படுக்க வைத்தது போல இருந்தது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும். உடம்பில் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். மாஸ்டர் கடிகாரம், பெல்ட், சாவி, கழுத்திலிருந்த வேளாங்கண்ணி மாதா மெடல் எல்லாவற்றையும் கழற்றி அல்போன்சாவிடம் கொடுத்தார். விசிலைக் கழற்றவில்லை. மறந்துவிட்டார் என்று சொல்வது நியாயமில்லை. முப்பத்து நான்கு வருஷமாக அது கழுத்தில் தொங்குகிறது. யாராவது மூக்கைக் கழற்றி வைக்க ஞாபகம் வைத்துக்கொள்வார்களா?

அறைக்குள் காலை வைத்ததும் எஃகு விசில் கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பியது. போகிற வேகத்தில் காற்று புகுந்து அதுவே ஊதிக்கொண்டும் போயிற்று. நான் மிகைப்படுத்துவதில்லை, சத்தம் அடையாறு சிக்னல் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள், அதற்கு முன்னாலேயே இருக்கிற பஸ் டிப்போ வரை என்றுதான் நான் சொல்வேன். அந்த மாடியில் எக்ஸ்ரே எடுப்பவர் மாஸ்டரின் பழைய மாணவர். கையிலிருந்த ஃபிலிமைக் கீழே போட்டுவிட்டு அட்டென்ஷனில் நின்றுவிட்டார். விசில் காந்தத்தின் வயிற்றுக்குள் போய் ஒட்டிக்கொண்டது. காந்தம் ஒரு முறை உறுமியது. பிறகு நின்றுவிட்டது.

மறுநாள் பெங்களூரிலிருந்து என்ஜினியர் நிரஞ்சன் பறந்து வந்தார். விசிலை எடுத்து மாஸ்டருக்கு அனுப்பிவைத்தார். ஆனால் இயந்திரத்துக்குப் புத்தி பேதலித்திருந்தது.

“அதுக்கு எது சரி எது தப்புன்னு இப்பத் தெரியல சார்,” என்று சேர்மனிடம் சொன்னார். “கோளாறு இல்லாத உடம்பு ஒண்ணைக் காட்டிட்டா பிடிச்சுக்கும். அதுக்குன்னே மெஷினோட ஒரு பொம்மை வந்திருக்குமே? ஆள் உயரம், உள்ளே தண்ணி நிரப்பினது. லிஸ்ட்ல முப்பத்தேழாவது சாமான்.”

பொம்மையைத் தேடினார்கள். கடைசியில் வாட்ச்மேன்தான் தகவல் சொன்னார்.

“அந்த பொம்மையா சார்? மூணாவது மாடி கட்டச்சொல்லோ நம்ம மேஸ்திரி அதுக்கு மீசை வரைஞ்சு, நாக்கு வரைஞ்சு, சாரத்துல பூசணிக்கா பக்கத்துல திருஷ்டிக்கு மாட்டிக்கினாரு. ஊரு கண்ணு அம்மாம் கண்ணு. சித்திரை வெயில்ல உருகி ஊத்திக்கிச்சு.”

“யோவ், அது ஜெர்மன் பொம்மைய்யா!” என்று அலறினார் நிரஞ்சன்.

“அதான் சார், தாங்கல. நம்ம வைக்கோல் பொம்மை இன்னும் பின்னால அப்டியே கீது.”

சந்திரமௌலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை முப்பதாம் தேதி, காலை பத்து மணிக்குச் சுங்க இலாகா வருகிறது. வரி விலக்கில் வந்த இயந்திரம் ஓடுகிறதா, கூட வந்த நாற்பத்தொரு சாமானும் இருக்கிறதா என்று பார்க்க. ஒன்று குறைந்தாலும் முழு வரியும் தலையில் விழும்.

பொம்மை இல்லாவிட்டால் கோளாறில்லாத ஓர் ஆளையாவது முதலில் காட்டுங்கள் என்றார் நிரஞ்சன். ஊழியர்கள் நூற்றுப் பதினாறு பேரின் அட்டைகளையும் பார்த்தார்கள். ஒருவரும் தேறவில்லை. இருதய நிபுணருக்கு இருதயம், காது நிபுணருக்குக் காது. சேர்மன் தன் அட்டையைத் தானே திருப்பிப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் ஸ்ரீரஞ்சனி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், ஒரு பேஷன்ட் இருக்காரு. நம்ம எல்லாரையும் தோற்கடிச்சவரு.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது வாசலில் நீளமான கார் நின்றது. உள்ளே சந்திரமௌலி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எதிரே அல்போன்சா.

“ஒண்ணுமில்லாத ஆளுக்கு எதுக்கு சார் இவ்ளோ பெரிய காரு?” என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒரு அரை மணி நேரம் படுத்துண்டா போதும்மா. தேசத்துக்குச் செய்யற சேவை.”

“படுப்பாரு. சீட்டு முதல்ல.”

சேர்மன் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கூரையைப் பார்த்தார். சேர்மன் பேனாவைத் திறந்து, ‘திரு. ஃபிரெட்ரிக் அவர்களை முழுவதும் பரிசோதித்தோம். ஒரு கோளாறும் இல்லை’ என்று எழுதினார். கையெழுத்தும் போட்டார். தொழிலுக்கு வந்த பிறகு அவர் இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை. பழக்க தோஷத்தில் கடைசியில் ‘தற்சமயம்’ என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

“அதை அடிங்க,” என்றாள் அல்போன்சா.

அடித்தார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மாஸ்டர் விசிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். காந்தம் அவரை மேலும் கீழும் பார்த்தது. உலகத்தில் சரியான உடம்பு என்று ஒன்று உண்டு என்பது அதற்குப் புரிந்தது. ஓடத் தொடங்கியது. ஆனாலும் சந்திரமௌலி பட்டியலைத் திரும்பத் திரும்ப எண்ணினார். நாற்பத்தொன்றில் ஒன்று குறைகிறதே!

பத்து மணிக்குச் சுங்க அதிகாரி வலியுல்லா வந்தார். ஒல்லியான மனிதர். வரி விலக்குக் கேட்கிறவர்கள் நடுவிலேயே இருபத்தைந்து வருஷம் வாழ்ந்ததால் எதற்கும் ஆச்சரியப்படுகிற பழக்கம் போய்விட்டது. ஐந்தாம் மாடியில் நின்று பட்டியலை வாசித்தார். கம்பி, திருகு, தலையணை எல்லாம் வந்தன.

“முப்பத்தேழு. ஒப்பீட்டு மனித உருவம். ஆண். குறைபாடு அற்றது. ஒன்று.”

வலியுல்லா நிமிர்ந்து பார்த்தார். சர்டிஃபிகேட்டோடு பள்ளிக்கூடம் கிளம்புவதற்காக மாஸ்டர் மூலையில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். தினமும் வருகைப் பதிவேட்டோடு வாழ்ந்தவர். பட்டியலை வாசித்துவிட்டு ஒருவர் நிமிர்ந்து பார்த்தால் பதில் வராமல் இருப்பது அவரால் தாங்க முடியாத விஷயம்.

“உள்ளேன் ஐயா,” என்றார்.

வலியுல்லா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவரை ஒரு முறை சுற்றி வந்தார். “மனித உருவமா இது?”

“சந்தேகமே வேண்டாம் சார்,” என்றார் சந்திரமௌலி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

“உள்ளே தண்ணி நிரப்பினதுன்னு போட்டிருக்கு.”

“காலைல ரெண்டு சொம்பு குடிச்சேன் சார்,” என்றார் மாஸ்டர்.

வலியுல்லா குறித்துக்கொண்டார். “தயாரிப்பு எந்த வருஷம்?”

“முப்பத்தெட்டு.”

“செகண்ட் ஹேண்டா? பழைய சாமானுக்கு விலக்கு கிடையாதே.”

“பழசுதான் சார், ஆனா ஒரு கோளாறும் கிடையாது!” சேர்மன் பாய்ந்து மாஸ்டரின் பையிலிருந்து சர்டிஃபிகேட்டை உருவினார். “இதோ பாருங்கோ, முழுசா பரிசோதிச்சு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்!”

வலியுல்லா இரண்டு முறை படித்தார். “உங்க நிலையத்துல இப்படி ஒரு பேப்பரை நான் பார்த்ததே இல்லை,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். “நிறுவிய இடம்?”

சேர்மன் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் சொன்னார்: “சாந்தோம் பள்ளிக்கூட மைதானம் சார். முப்பத்து நாலு வருஷமா அங்கதான்.”

அதையும் எழுதினார் வலியுல்லா. மாஸ்டர் சட்டைப் பையின் மேல் ஒரு ரசீதை ஒட்டி, குறுக்கே ரப்பர் ஸ்டாம்பு குத்தினார். பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஒப்பித்தார்: “வரி விலக்குல வந்த சாமான். இன்னியிலேர்ந்து அஞ்சு வருஷத்துக்கு விக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, உபயோகத்துலேர்ந்து நீக்கக் கூடாது, நிறுவின இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது. மீறினா சேர்மன் பொறுப்பு.”

பன்னிரண்டு மணிக்கு மாஸ்டர் கரஸ்பாண்டன்ட் ஃபாதரின் மேஜையில் இரண்டு காகிதங்களை வைத்தார். சர்டிஃபிகேட்டைப் பார்த்து ஃபாதர் சந்தோஷப்பட்டு, மே மாதம் வரை மறுநியமனம் என்று எழுதினார். சுங்க இலாகா காகிதத்தைப் படித்ததும் பேனா நின்றது.

“மாஸ்டர், இது 2001 வரைக்கும் உங்களை மைதானத்தை விட்டு நகர்த்தக் கூடாதுங்குதே.”

“மத்திய சர்க்கார் ஃபாதர். நான் என்ன சொல்றது?”

ஃபாதர் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஓய்வு வயது விதிகள் ஆசிரியர்களுக்கு மட்டுமே பொருந்தும், இறக்குமதி செய்யப்பட்ட தளவாடங்கள் இந்த அலுவலகத்தின் வரம்புக்குள் வரமாட்டா.

ஜனவரியில் கோகோ அணி இரண்டாம் இடம் பெற்றது. முதல் இடமே கிடைத்திருக்கும். போட்டி நடந்தது திருச்சியில், மாஸ்டரை நகர்த்தக் கூடாது என்பதால் தையல் டீச்சர் கூடப் போயிருந்தார். அடுத்த வருஷத்திலிருந்து போட்டியையே சாந்தோமில் நடத்த ஏற்பாடாயிற்று. சந்திரமௌலிக்கும் நஷ்டமில்லை. ஒன்றுமில்லை என்ற சீட்டுக்கு ஜனங்கள் இவ்வளவு அலைகிறார்கள் என்று தெரிந்ததும், அதற்கென்றே பதினோரு பரிசோதனை கொண்ட ஒரு தனித் திட்டம் போட்டார். கூட்டம் அலைமோதியது. சீட்டு யாருக்கும் கிடைக்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் சுங்க இலாகாவிலிருந்து மாஸ்டர் வீட்டுக்கு ஒரு படிவம் வரும். முதல் வருஷம் அதை அல்போன்சாதான் பூர்த்தி செய்தாள். ‘பராமரிப்பாளர் யார்?’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். ‘பழுது ஏற்பட்டால் எவ்வளவு நேரத்தில் கவனிக்கப்படும்?’ என்பதற்கு, ‘சத்தம் போட்ட உடனே.’ ‘வேறு குறிப்புகள்’ என்ற இடத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டு சற்று யோசித்தாள். மாஸ்டர் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, மூன்றாவது டம்ளர் காபி கேட்டுக்கொண்டிருந்தார். ‘மாற்று இருந்தால் தெரிவிக்கவும்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

பத்து நாளில் வலியுல்லா தம் கைப்படவே பதில் போட்டிருந்தார்.

“தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்து, தயாரிப்பாளர்கள் பலரிடமும் விசாரித்தோம். அந்த மாடல் இப்போது எங்கும் தயாராவதில்லை. இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள்ளவும்.”